மணியார்டர் முதல் கைரேகை வரை



1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் அளிப்பதென்று சென்னை ராஜ்ய சர்க்கார் தொடங்கிய ஏற்பாடு, 1995இல் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டமும் துணைக்கு வர, 2011இல் 1000 ரூபாயாகவும் 2023இல் 1200 ரூபாயாகவும் வளர்ந்து, இன்று கிராமத்து வாய்வழக்கில் 'ஓ.ஏ.பி. பணம்' என்றே நிலைபெற்றுவிட்டது. தொகை வளர்ந்த சரித்திரம் பலரும் அறிந்ததுதான். அது கைக்கு வந்து சேரும் மார்க்கம் மாறிய விதத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடியிலும், அதற்கடுத்த கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலும், முன்னாளில் இந்தப் பணம் மணியார்டராகத்தான் வந்தது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கிழவி வந்து பெருவிரலில் மையைத் தொட்டுப் படிவத்தில் ஒற்றுவாள். அண்டை வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். காப்பிச் செலவுக்கென்று ஒரு சிறு தொகை அங்கேயே கழிந்துபோவதும் பல ஊர்களில் சம்பிரதாயமாயிருந்தது. அதை நான் நியாயமென்று சொல்லவில்லை; ஆனால் பணத்தைத் தேடிக்கொண்டு முதியவர் போகவில்லை, முதியவரைத் தேடிக்கொண்டு பணம் வந்தது.

சென்ற பத்தாண்டின் தொடக்கத்தில் இந்த முறை படிப்படியாக மாறி, வங்கிக் கணக்கு, ஆதார் எண், கைரேகை வைக்கும் சிறு இயந்திரம் என்று புதிய ஏற்பாடு வந்தது. இடையில் எவரும் கை நீட்ட வழியில்லாமற்போனதும், இறந்தவர் பெயரில் பணம் போவது குறைந்ததும் இதன் நன்மைகள், மறுப்பதற்கில்லை. என்றாலும், நாற்பது வருஷம் மீன் தரம் பிரித்தும், கருவாட்டுக்கு உப்பு வைத்தும், வலைக்கயிறு இழுத்தும் தேய்ந்துபோன விரலை முந்தானையில் ஒருமுறைக்கு இருமுறை துடைத்து அந்தக் கண்ணாடித் துண்டின்மீது வைக்கிறவளிடம், "ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போது, அவள் யாரென்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும் பிரயோஜனமில்லை. அன்றும் கேட்டது பெருவிரல்தான், இன்றும் கேட்பது பெருவிரல்தான். அன்று அவளை அறிந்த மனிதர் சாட்சி சொன்னார், இன்று அவளே தனக்குச் சாட்சியாக வேண்டியிருக்கிறது. நிரூபிக்கும் பாரம் கொடுப்பவரிடமிருந்து பெறுபவருக்கு இடம் மாறியதே இந்த மாற்றத்தின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

ஆதார்ச் சட்டம் செல்லும் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அடையாளச் சோதனை தவறிய காரணத்தால் உரியவர் எவருக்கும் உதவி மறுக்கப்படலாகாது என்பதையும் தெளிவாகவே கூறியிருக்கிறது. அதே மாதம் தொடங்கப்பெற்ற அஞ்சலக வங்கியின் வாயிலாக, தபால்காரரே இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்து பணம் தருகிற வசதியும் உண்டு. படுத்த படுக்கையாயுள்ள பெற்றோரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வங்கிக்கு அலைகிற பிள்ளைகள் இதைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

தொகை திடீரென்று நின்றுபோனால், ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டின் நகல்களோடு முதலில் கிராம நிர்வாக அலுவலரையும், பிறகு தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரையும் பார்க்க வேண்டும். மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பலிக்காவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் புதுக்கோட்டை கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி வழியே பஸ் ஏறிப் போய்த் திரும்புகிற முதியவருக்கு ஒரு பகல் முழுதும் அதிலேயே கழிந்துவிடும்.