கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி கேஜைப் பாருங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் மீன் விற்பனைக் குழுவினர் பேசியது)



மிஞ்சுகிற மீனைப் போட்டு வைக்க வங்கிக் கடனில் நாங்கள் ஒரு டீப் பிரீசர் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியால் நாங்கள் பட்ட பாட்டையும், அதில் படித்த பாடத்தையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம். பால், மீன், ஐஸ்கிரீம் என்று உங்களிலும் பல பேர் குளிர்பெட்டியை நம்பித்தானே தொழில் செய்கிறீர்கள்?

பெட்டியின் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விட்டது. வந்த மெக்கானிக் ஓட்டையை அடைத்தார். பம்ப்பை மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டினார். "முள்ளு 30-ல நிக்குதும்மா, வேக்குவம் ஆயிடுச்சு" என்று சொல்லி, கேஸ் ஏத்திவிட்டுப் போனார். நாங்களும் கேட்ட கூலியைக் கொடுத்தோம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் குளிரும், பிறகு குளிராது. அணைத்து வைத்து மறுபடி போட்டால் குளிரும். வஞ்சிரம் எல்லாம் இளகிப்போய், பாதி விலைக்குத் தள்ளினோம். மூன்றாம் மாதம் கம்ப்ரசரே எரிந்துபோச்சு. ஒரு பக்கம் கடன் தவணை, இன்னொரு பக்கம் புது கம்ப்ரசர் செலவு. குழுக் கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

அடுத்து வந்த மெக்கானிக்தான் காரணத்தைச் சொன்னார். ஓட்டை வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கிறது. அந்த ஈரம், நூல் நுழைகிற அளவே துவாரம் உள்ள கேப்பிலரி குழாயில் ஐஸாக உறைந்து அடைத்துக்கொள்ளும். பெட்டியை அணைத்தால் ஐஸ் உருகி வழி விடும். குளிர்ச்சி வந்து வந்து போனது இதனால்தான். எங்கள் பெட்டியில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். அதற்குப் போடும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நாளடைவில் அமிலம் உண்டாகி, கம்ப்ரசருக்குள் இருக்கும் காயிலைக் கெடுத்துவிடும்.

குழாய்க்குள் இருக்கும் ஈரத்தைத் துணி கொண்டு துடைக்க முடியுமா? ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், அடுப்பே இல்லாமல் நம்ம ஊர் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். வேக்குவம் பம்ப் செய்கிற வேலை இதுதான்.

அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500 மைக்ரானுக்கும் கீழே இறக்க வேண்டும். முள் கேஜில் ஒரு அங்குலமே 25,400 மைக்ரான். அப்படியிருக்க, உள்ளே இருப்பது 500-ஆ, 5,000-ஆ என்று முள்ளுக்கு எப்படித் தெரியும்? டிஜிட்டல் கேஜ் மைக்ரான் கணக்கிலேயே காட்டும்.

அவர் அந்த டிஜிட்டல் கேஜைப் பம்ப் பக்கம் மாட்டாமல், பம்ப்புக்குத் தூரமாகப் பெட்டியின் குழாயில் மாட்டினார். பெட்டிக்குள் உள்ள நிலைமை அப்போதுதான் தெரியுமாம். ஒன்றரை மணி நேரத்தில் 480 வந்தது. "ஆச்சா தம்பி?" என்று கேட்டோம். "இருங்கக்கா, இனிமேதான் பரீட்சையே" என்று வால்வை மூடிப் பம்ப்பை நிறுத்தினார். எண் மெல்ல ஏறி 1,600-ல் நின்றது. ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் பாக்கி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை. பம்ப் எண்ணெயை மாற்றினார், உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு வெளியேற்றினார், மறுபடி பம்ப்பை ஓட்டினார். இந்த முறை 410 வந்தது. வால்வை மூடிக் கால் மணி நேரம் பார்த்தோம். 450-க்கு மேல் ஏறவில்லை. அதன் பிறகுதான் கேஜைத் தனியே பிரித்துவிட்டு, கேஸை எடை போட்டு ஏத்தினார்.

சகோதரிகளே, இந்த வேலையை நாமே செய்ய வேண்டாம். இப்போது வருகிற பல பெட்டிகளில் ஆர்-600ஏ, ஆர்-290 என்று தீப்பிடிக்கும் கேஸ் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று நான்கு கேள்வி கேட்கலாம்:

1. தனி வேக்குவம் பம்ப் கொண்டு வந்தீர்களா? (பெட்டியின் கம்ப்ரசரை வைத்தே காற்றை இழுக்க விடாதீர்கள்.)
2. புது டிரையர் போட்டீர்களா?
3. டிஜிட்டல் கேஜில் எத்தனை மைக்ரான்?
4. வால்வை மூடிய பிறகு எண் நின்றதா, ஏறியதா?

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். கடனைக் கட்டுவது நாம்தானே? இப்போது எங்கள் தீர்மான நோட்டில், கொடுத்த கூலிக்குப் பக்கத்திலேயே மைக்ரான் எண்ணையும் எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்குகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.