படமும் பேச்சும் பிரியாமல் இருக்க

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கல்லூரியின் ஆண்டு விழாக்களும் பணி நிறைவுப் பாராட்டு விழாக்களும் பல ஆண்டுகளுக்கு டிவிடியில்தான் இருக்கின்றன. பதிவு செய்யும் டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெக்கையும் பட்டால் அது கெட்டுப்போகும். அவற்றில் பேசிய ஆசிரியர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அந்தக் குரல்களை மறுபடி பதிவு செய்ய முடியாது. ஒவ்வொருவர் உரையையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கச் சங்கம் விரும்புகிறது. நல்ல காரியம். ஆனால் அவசரத்தில் பிரித்தால், ஆசிரியர் வாய் மூடிய பிறகு வார்த்தை வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அவரை ஆளாக்கலாமா?

டிவிடியைத் திறந்தால் விஓபி கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. அது அளவு பார்த்துப் போட்ட வெட்டு. பேச்சு முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் காப்பி செய்தால் பாதி வாக்கியத்தில் தொடங்கும். சாப்டர் எங்கெங்கே என்ற கணக்கு, ஐஎஃப்ஓ என்ற சின்னக் கோப்பில் தனியாக இருக்கிறது. அதை விட்டால் சாப்டரும் போச்சு! ஆகவே முதலில் வட்டு முழுவதையும் காப்பி எடுங்கள். பிறகு மேக்எம்கேவி போன்ற மென்பொருளால், சாப்டரோடு ஒரே கோப்பாக மாற்றுங்கள்.

அடுத்து, வெட்டுவதற்கு முன்பே ஆடியோவைச் சோதியுங்கள். பேச்சு 45 மில்லி செகண்டு முந்தினாலோ 125 மில்லி செகண்டு பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்வார் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. தொடக்கத்தில் ஒரு கைதட்டல், கடைசியில் ஒரு கைதட்டல், இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகினால் வியாதி லேசானது. பேச்சு 300 மில்லி செகண்டு பிந்தினால், எம்கேவிடூல்நிக்ஸில் ஆடியோவுக்கு மைனஸ் 300 கொடுத்தால் தீர்ந்தது.

போகப்போக விலகல் கூடினால் அது வேக வித்தியாசம். நம் ஊர்ப் பழைய வீடியோ செகண்டுக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்து நண்பர்கள் கொண்டுவந்த காமிரா என்றால் 29.97. அதை 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 செகண்டு விலகும். அங்கே படத்தின் வேகத்தைத்தான் திருத்த வேண்டும். ஆடியோவைத் தள்ளிப் பயனில்லை.

இனி வெட்டு. டிவிடியில் ஏறக்குறைய அரை செகண்டுக்கு ஒரு முறைதான் முழுப் படம் இருக்கும். இடையில் இருப்பவை மாற்றங்கள் மட்டும். அதனால் நீங்கள் சொன்ன இடத்தில் வெட்டு விழாது. பக்கத்து முழுப் படத்துக்கு நகரும். சாப்டர் தொடங்கும் இடத்தில் பொதுவாக முழுப் படமே இருப்பதால் அங்கே வெட்டுவது உத்தமம். ஆனால் சில வட்டுகளில் 5 நிமிஷத்துக்கு ஒன்று என்று சாப்டர் தானாக விழுந்திருக்கும். அங்கே உரையைக் கேட்டு நாமே குறி வைக்க வேண்டும்.

பிரித்த துண்டில் சாப்டர் நேரம் தானாக மாறவில்லை என்றால் கழித்தல் கணக்குப் போடுங்கள். பழைய குறி 42 நிமிஷம் 10 செகண்டு, துண்டு தொடங்கியது 40வது நிமிஷம் என்றால் புதிய குறி 2 நிமிஷம் 10 செகண்டு. நாம் கேட்ட நேரத்தைக் கழிக்காமல், வெட்டு உண்மையில் விழுந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். இது முக்கியம்.

வேலை முடிந்ததும் பழைய வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தம்பி தங்கைகளே, இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிவிடி டிரைவ் ஒன்றும் பொறுமையும் போதும். வட்டுகள் வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே தொடங்குவோம்.