வந்தவங்களும் உழைக்கிறவங்கதான்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிமாநிலத்து ஆளை நடவுக்கு விடக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க" என்று சில அக்காமார் கேட்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. குறுவையிலும் சம்பாவிலும் கிடைக்கிற நடவுக் கூலியை நம்பித்தான் நாம் குழுச் சந்தாவும் கடன் தவணையும் கட்டுகிறோம். இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் நாற்று பறிப்பது, முடி சுமப்பது, நடுவது எல்லாவற்றையும் ஏக்கர் கணக்கில் மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் கொஞ்சம் யோசிப்போம். நம்ம பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஏன் போனார்கள்? இங்கே வருமானம் போதவில்லை. அதற்கு முன்னே நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டத்துக்குப் போனார்கள். அதே வயிற்றுப்பாடுதான் இவர்களையும் இங்கே கொண்டு வந்திருக்கிறது.

வெளி ஆளை இறக்கி உள்ளூர்க் கூலியை அமுக்குவதும் புதிதல்ல. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களைத்தான் கொண்டு வந்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்து செத்தார்கள். அப்போதும் சண்டை கூலியைப் பற்றியதுதான். வந்த கூலியாள் நமக்கு எதிரி இல்லை. அவருக்குக் குறைத்துக் கொடுத்தால் நம்ம கூலியும் குறையும். அதனால் 'ஆளை விரட்டு' என்று கேட்காமல் 'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்று கேட்போம். 1979இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும் இதையேதான் சொன்னது.

வதந்தியை நம்பாதீங்க. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று செல்போனில் வீடியோ பரவியது. பீகார் அரசுக் குழு நேரில் வந்து பார்த்தது. அத்தனையும் பொய் என்று தெரிந்தது. அதற்குள் எத்தனை பேர் பயந்து தவித்தார்கள்!

தஞ்சாவூர் பல பேர் வந்து சேர்ந்த சீமை. 1676இல் மராத்தியர் ஆட்சி வந்தது. அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. கும்பகோணத்துப் பட்டுத்தறியில் சௌராஷ்டிரர் கை இருக்கிறது. இவர்களை இன்று யாராவது வெளியாள் என்கிறோமா?

நாம் செய்யக்கூடியது மூன்று:

1. குழுக்குழுவாக நடவு அணி சேர்ப்போம். நாற்று பறிக்க ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, நாமும் ஏக்கருக்குப் பேசுவோம்.

2. வந்தவர்களிடம் ஏக்கருக்கு என்ன கிடைக்கிறது, ஏஜெண்டு எவ்வளவு பிடிக்கிறார் என்று கேட்போம். எல்லோரையும் 'இந்திக்காரன்' என்கிறோம். இவர்கள் பேசுவது வங்காளம். இந்தியும் கொஞ்சம் புரியும்.

3. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு வந்தவர்களின் குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சேர்த்துவிடுவோம். 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்க வழி உண்டு. அதையும் எடுத்துச் சொல்வோம்.

கூலியில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மனுஷத்தன்மையையும் விட்டுவிட வேண்டாம். தீர்மானம் போடுவதாக இருந்தால் இதைப் போடுவோம்.