வந்து தூக்கிட்டுப் போங்க

தெரு நாய்கள் பத்தின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "அடிபட்ட நாய்க்காக ரெஸ்க்யூ நம்பருக்கு போன் பண்ணேன். இடமில்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குங்க அந்த நம்பர்?" நியாயமான கோபம்தான். ஆனா அந்த போனோட மறுமுனையில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா கோபம் கொஞ்சம் வேற பக்கம் திரும்பும். சென்னையில ஒரு சின்ன ஷெல்டருக்கு நான் சனி, ஞாயிறு போறது உண்டு. அங்க பார்த்ததை வச்சுத்தான் இதைப் பேசறேன்.

ரெஸ்க்யூன்னா நமக்கு ஞாபகம் வர்றது கிணத்துல கயிறு கட்டி இறங்கற வீடியோ. அது மாசத்துல ஒரு நாள். மத்த நாளெல்லாம் கழுவற வேலை. காலையில கூண்டு கழுவறதுல ஒரு வரிசை இருக்கு. முதல்ல குட்டிங்க இருக்கிற பக்கம், அப்புறம் பெரிய நாய்ங்க, கடைசியிலதான் நோய் வந்தது. மாத்திக் கழுவினா உங்க செருப்பே பார்வோ வைரஸைச் சுமந்துட்டுப் போய் குட்டிங்ககிட்ட சேர்த்துடும். அந்த வைரஸ் தரையில மாசக்கணக்கா உயிரோட இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேணும்.

அடுத்து பெரிய அண்டாவுல சாதம், கோழிக் கழிவு, மஞ்சள் தூள். அப்புறம் மருந்து, புண்ணுக்குக் கட்டு மாத்தறது. இதுக்கு நடுவுல முதுகெலும்பு உடைஞ்ச நாய்ங்க. வண்டி ஏறி இடுப்புக்குக் கீழ உணர்வு போன நாயால பல நேரம் தானா சிறுநீர் போக முடியாது. ஒரு ஆள் வயித்தைப் பிடிச்சு மெதுவா அமுக்கி வெளியேத்தணும். ஒரு நாளைக்கு மூணு தடவை, தீபாவளி பொங்கல்னு லீவு இல்லாம, பல நாய்ங்களுக்கு ஆயுசு முழுக்க. இப்படி ஆறு நாய் இருந்தா தினம் பதினெட்டு தடவை. "இடமில்ல"ன்னு அவங்க சொல்றப்போ பல நேரம் கூண்டு காலியா இருக்கும், செய்ய கை இருக்காது. ஆபீஸ்ல ஆன்-கால் டூட்டி பார்த்தவங்களுக்கு இது புரியும். சர்வர் எத்தனை வாங்கினாலும் ராத்திரி எழுந்திரிக்க ஆள் வேணும்ல.

இப்போ போனுக்கு வருவோம். "எங்க கேட்டுக்கு வெளியில நாலு குட்டி இருக்கு, வந்து தூக்கிட்டுப் போங்க." இதைத்தான் அதிகமா கேட்டிருக்கேன். தாய் பக்கத்துலயே இருக்கும், குட்டிங்க நல்லா இருக்கும். சத்தம்தான் பிரச்சனை. ஷெல்டர்ல விட்டா பாதுகாப்புன்னு நினைக்கறாங்க. உண்மையில தடுப்பூசி போடாத ஆறு வாரக் குட்டிக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. பத்து ஊர் நோயும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கற இடம் அது. ஒரு வாரத்துல ரத்த பேதி ஆரம்பிச்சுடும். நாலு குட்டியையும் ஒவ்வொண்ணா தூக்கிப் போடற ஆளுக்கு எப்படி இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல. நைட்டு அட்டைப்பெட்டியில குட்டிங்களை வச்சு ஷெல்டர் வாசல்ல விட்டுட்டுப் போறவங்களுக்கும் இது தெரியாது. தாயோட தெருவிலேயே வச்சுக்கிட்டு, வயசு வந்ததும் தடுப்பூசி போட்டு, தாய்க்குக் கருத்தடை பண்ணுங்க. அதுதான் ரெஸ்க்யூ.

இந்தக் கணக்கை நம்ம ஊர்ல ரொம்ப முன்னாடியே போட்டுட்டாங்க. கேப்டன் வி. சுந்தரம்னு ஒரு விமானி, 1959ல சென்னையில ப்ளூ கிராஸை ஆரம்பிச்சார். 1964லேயே அவங்க தெரு நாய்களுக்குக் கருத்தடை பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. மாநகராட்சி அப்போ நாய்களைப் பிடிச்சுக் கொன்னுட்டு இருந்தது. வருஷக்கணக்கா கொன்னும் எண்ணிக்கை குறையல. ஒரு தெரு காலியானா பக்கத்துத் தெரு நாய் வந்துடும். சாப்பாடு இருக்கிற இடம் சும்மா இருக்காதுல்ல. மாநகராட்சி கருத்தடைப் பக்கம் வர 1996 ஆச்சு. முப்பத்திரண்டு வருஷம்! இன்னைக்கு காதுல வி மாதிரி வெட்டு இருக்கிற நாயைப் பார்த்தா, அது ஆபரேஷன் ஆகி அதே தெருவுக்குத் திரும்ப விட்ட நாய்.

சரி, நிஜ எமர்ஜென்சி. வண்டியில அடிபட்ட நாய். போன் பண்ணிட்டுக் கிளம்பிடாதீங்க. வண்டி வந்து தேடினா நாய் இருக்காது, ஊர்ந்து எங்கயாவது சாக்கடைக்குள்ள போயிருக்கும். லொகேஷன், பத்து செகண்ட் வீடியோ அனுப்பிட்டு அங்கயே நில்லுங்க. வலியில எந்த நாயும் கடிக்கும், நீங்க தினம் பிஸ்கட் போடற நாயும்தான். மேல ஒரு கோணியோ தடிமனான போர்வையோ போட்டுட்டு, பலகை மேல, இல்லன்னா பழைய ஃப்ளெக்ஸ் பேனர் மேல அப்படியே இழுத்து ஏத்துங்க. கட்சி பேனருக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியல. வாயில பால் ஊத்தாதீங்க. வாய் தொங்கி, எச்சில் வழிஞ்சு, தள்ளாடி, கண்டதைக் கடிக்கிற நாயா இருந்தா கிட்டவே போகாதீங்க, அது வெறிநாய்க்கடி நோயா இருக்கலாம். கடியோ கீறலோ பட்டா குழாயைத் திறந்து விட்டு சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. அறிகுறி வந்த பிறகு காப்பாத்த வழியே இல்லாத நோய் அது.

மெட்ரோவுல இருக்கிறவங்களுக்கு கூப்பிட ஒரு நம்பராவது இருக்கு. என் ஊர் ஆனைக்குட்டம். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவுல, அர்ச்சுனா நதி மேல அணை இருக்கிற ஊர். ஆடு மாடுன்னா 1962க்கு அடிச்சு கால்நடை வண்டியைக் கேட்கலாம். அடிபட்ட மயில்னா வனத்துறைதான், வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து வச்சுக்கக் கூடாது. ராத்திரி நாய் அடிபட்டா யாரும் இல்ல.

அங்க போய் நாய்க்கு ஆம்புலன்ஸ்னு பேசினா, "மனுசனுக்கே வண்டி நேரத்துக்கு வரலயேப்பா"ம்பாங்க. அதை நான் சண்டையா எடுத்துக்க மாட்டேன். எங்க பக்கம் பெரிய சத்தம் கேட்டா, நம்ம வீட்டு ஆளு எந்த ஷெட்ல வேலையில இருக்குன்னுதான் மனசு முதல்ல ஓடும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தைப் பார்த்த ஊர்கள் இதெல்லாம். ஆனா அதே ஜனங்க, ஆடு குட்டி போட முடியாமத் திணறினா ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருவே எழுந்து நிப்பாங்க. இரக்கத்துக்குப் பஞ்சமில்ல. பக்கத்துல டாக்டர்தான் இல்ல.

வெடி செய்யற ஊர்ல உக்காந்து வெடிக்காதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அது எங்க சோறு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில, வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடிக்காம பல வருஷமா இருக்காங்க. அவங்களுக்கு என் சல்யூட். மத்தவங்களுக்குச் சொல்றது இதுதான். 2018லிருந்து தமிழ்நாட்டுல நேரம் காலை 6-7, மாலை 7-8. அந்த நேரத்தை மட்டும் காப்பாத்துங்க. சத்தத்துக்கு மிரண்டு ஓடற நாய் கிலோமீட்டர் கணக்குல ஓடி, வழி தெரியாம பைபாஸ்ல அடிபடுது. வீட்டு நாயை ஆறு மணிக்கு முன்னாடியே வாக்கிங் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்க. ஜன்னலை அடைச்சு, ஃபேன் போட்டு, டிவியை ஓட விட்டு, கழுத்துப் பட்டையில உங்க போன் நம்பரை மார்க்கர்ல எழுதி வைங்க. தெரு நாய்க்கு மாடிப்படிக்குக் கீழ ஒரு கோணி, ஒரு சட்டி தண்ணி. அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் கேட்டைத் திறந்து வைங்க. செக்யூரிட்டி அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா அவர் விரட்டிடுவார்.

அடுத்த வாரம் வேற விஷயத்தோட வர்றேன். பை.