ராக் இசைக்கு ஒரு சிற்றிதழ்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் ராக் இசை இதழுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சிறிய இதழ் எந்த மரபை மீறுகிறது, அவ்வாறு மீறுவதற்கு எந்த மரபைத் துணைக்கொள்கிறது என்பதே என் பொருள். அது நமக்கும் உரிய கேள்விதான்.

1966 பிப்ரவரி 7ஆம் நாளிட்டு அமெரிக்காவில் ‘க்ராடாடி’ என்றோர் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பால் வில்லியம்ஸ், பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் மாணவர். அப்போது அவருக்கு வயது 17. இதழ் சைக்ளோஸ்டைல் செய்த பத்தே பக்கங்கள், 500 படிகள். உள்ளடக்கத்தில் பெரும்பகுதியை அவரே எழுதினார். லண்டனை அடுத்த ரிச்மண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தொடக்க நாட்களில் வாசித்த இசை மன்றத்தின் பெயரையே இதழுக்குச் சூட்டினார்.

அந்நாளில் ஜனரஞ்சக இசைக்கென அமெரிக்காவில் இருந்த ஏடுகள் பெரும்பாலும் இருவகை. ஒன்று, வணிக ஏடு. 1894இல் தோன்றிய ‘பில்போர்ட்’ இவ்வகையின் மூத்த பிரதிநிதி. எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது, எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதன் கவலை. மற்றொன்று, பதின்பருவத்தினருக்கான ரசிகர் ஏடு. 1965இல் தொடங்கிய ‘டைகர் பீட்’ போன்றவை பாடகர்களின் வண்ணப் படங்களையும் அவர்களுடைய விருப்பு வெறுப்புகளையும் தந்தன. முதல்வகைக்குப் பாட்டு ஒரு சரக்கு. இரண்டாம் வகைக்கு அது பாடகனின் முகம். பாட்டு பாட்டாக இரண்டிலும் இல்லை. ஜாஸ் இசைக்கு 1934 முதல் ‘டவுன்பீட்’ இருந்தது; அங்கே விமர்சனமும் வளர்ந்தது. ராக் இசைக்கு அத்தகுதி உண்டென்று நினைத்தவர் மிகச் சிலர்.

வில்லியம்ஸ் முதல் இதழிலேயே தம் நிலையைச் சொல்லிவிட்டார்: இங்கே சுவரில் ஒட்டும் படங்கள் இல்லை, துணுக்குச் செய்திகள் இல்லை, விமர்சனம் மட்டுமே உண்டு. அவ்வகை ஏடுகளின் இலக்கணத்தை இவ்வாறு அவர் நேருக்கு நேர் மறுத்தார்.

ஆனால் மறுப்பு வெற்றிடத்தில் பிறப்பதில்லை. இதழின் வடிவம் அவருக்கு அறிவியல் புனைகதை அன்பர்களிடமிருந்து வந்தது. அவர்கள் 1930 முதலே கையச்சு இதழ்களை நடத்திவந்தனர். அவ்வுலகில் வாசகனே எழுத்தாளன். கடிதங்கள் கட்டுரைகளுக்கு இணையான மதிப்புப் பெற்றன. ஓர் இதழுக்கு மாற்றாக இன்னோர் இதழ் கைமாறியது. எழுதியவர் தம் குரலில், தம் பொறுப்பில் பேசினார். வில்லியம்ஸ் முன்னரே அத்தகைய இதழ் நடத்தியவர். ‘க்ராடாடி’யின் முதல் இதழும் புரூக்ளினில் இருந்த ஒரு புனைகதை அன்பரின் பொறியில்தான் உருண்டது. ஆக, இசை ஏடுகளின் மரபை மீறியவர், இன்னொரு துறையின் மரபை அப்படியே பின்பற்றியவர். இதனால் அவருடைய துணிவு குறைந்துவிடவில்லை. அதற்கு வேர் இருந்தது என்பதே பொருள்.

பின்வந்த எழுத்தாளர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஜான் லாண்டோ ஓர் இசைக்கலைஞனின் காதுகொண்டு கேட்டார்: தாளம் நிற்கிறதா, பதிவு சரியாக அமைந்ததா என்று வினவினார். ரிச்சர்ட் மெல்ட்ஸர் தத்துவம் பயின்ற மாணவர். பேராசிரியர்களின் நடையையே எடுத்துக்கொண்டு அதைத் தலைகீழாக்கி, படிப்பவர் நகைப்பதா ஆழ்ந்து யோசிப்பதா என்று திகைக்கும்படி எழுதினார். ஒருவர் விமர்சன மரபைக் கொண்டுவந்தார். மற்றவர் அம்மரபையே கேலி செய்தார். இருவருக்கும் ஒரே இதழில் இடமிருந்தது.

வில்லியம்ஸின் வழி மூன்றாவது. பாப் டிலனைப் பற்றி எழுதியபோது, கவிஞர் மறைத்துவைத்த பொருளைத் துப்பறியும் முயற்சியை அவர் ஏற்கவில்லை. கேட்கும்போது கேட்பவனுக்குள் நிகழ்வதே முதன்மை என்றார். கவிஞர்களாகிய நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டின் சொற்களைக் குரலிலிருந்தும் தாளத்திலிருந்தும் பிரித்துத் தாளில் வைத்து, இது கவிதையா என்று கேட்கிறோம். பிரித்த பிறகு நம்முன் இருப்பது அந்தப் பாட்டே அன்று.

இனி, மீறலின் விதியைப் பார்ப்போம். 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தோன்றியது. லாண்டோ அங்கே எழுதத் தொடங்கினார். 1968இல் வில்லியம்ஸ் தம் இதழைவிட்டு விலகினார். நீண்ட மதிப்புரை, ‘நான்’ என்று பேசும் விமர்சகன், பாட்டைக் கலையாகக் கொள்ளும் பார்வை ஆகியவை சில ஆண்டுகளிலேயே பெரிய ஏடுகளின் வழக்கமாகிவிட்டன. 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி ‘ஸ்னிஃபிங் க்ளூ’ என்ற பங்க் இசை இதழை ஒளிநகலெடுத்து வெளியிட்டபோது, கையெழுத்துத் தலைப்புகளும் கரடுமுரடான நடையும் கொண்ட அவ்விதழ், மெருகேறிவிட்ட அந்த இசை எழுத்துக்கே எதிராக நின்றது. நேற்றைய மீறல் இன்றைய இலக்கணமாயிற்று. அதை மீற இன்னொரு சிற்றிதழ் தேவைப்பட்டது.

வில்லியம்ஸ் 1993இல் ‘க்ராடாடி’யை மீண்டும் தொடங்கினார், சிறிய அளவில், சொந்த முயற்சியில், 2003 வரை நடத்தினார். 2013இல் அவர் மறைந்தார். பெரிதாக வளர்வது ஒன்றே இதழின் வெற்றி என்று அவர் கருதவில்லை என்பதற்கு அந்தப் பத்தாண்டுகளே சான்று.

நமக்கும் பத்தாண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் துணிவாக இருந்த எது நம்மிடம் இன்று பழக்கமாக உறைந்துவிட்டது? நம் கூட்டங்களில் கவிதையைப் பற்றிப் பேசுகிறோமா, கவிஞரின் முகத்தைப் பற்றியா? இவ்வினாக்களை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. நாம் கேட்கத் தவறினால், எங்கோ ஒரு பதினேழு வயது மாணவர் பத்துப் பக்கங்களில் அவற்றைக் கேட்பார். அவரையும் இவ்வட்டம் வரவேற்க வேண்டும்.