கைப்பேசியின் இரண்டு ஏடுகள்



1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், நம் நகரின் ரைட்டர்ஸ் மாளிகையிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்திய நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. அந்நகரில் வாழும் நாம், அக்கருவியின் பொருட்டு எழுதப்படும் கணக்கையும் அறிதல் நன்று.

ஹவுரா நிலையத்தில் மூட்டையின்மேல் எண்ணும், பதிவேட்டில் அவ்வெண்ணுக்குரியவர் பெயரும் எழுதப்படுவதாகக் கொள்வோம். கைப்பேசித் துறையிலும் அவ்வாறே ஏடுகள் இரண்டு. நம் கருவி எக்கோபுரத்துடன் எந்நேரத்தில் இணைந்தது என்று கூறுவது சைகைப் பதிவு. எவ்வளவு செய்தி சென்றது என்று கூறுவது போக்குவரத்துப் பதிவு. பின்னதில் பெரும்பாலும் பெயர் இராது. தற்காலிக வழியெண்ணே இருக்கும். ஹவுராவிலிருந்து கரியாஹாட் செல்வதற்குள் அவ்வெண் பன்முறை மாறக்கூடும். ஊரிலுள்ள அன்னையாருடன் பேசுகையில் அவர் உருவம் திரையில் அசைவற்று நின்றுவிடுகிறது. பழுது கோபுரத்திலா, கருவியிலா? நேரத்தையும் எண்ணையும் ஒத்துப் பார்த்து இரு ஏடுகளையும் இணைத்தாலன்றிப் பொறியாளர் அதனை அறிதல் அரிது.

ஆயினும், பழுது காட்டும் அதே இணைப்பு, நாம் எங்கிருந்தோம், எப்போது பேசினோம் என்பதையும் காட்டிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆகவே, நம் ஏடுகளை இணைப்பவர் யார், எதன்பொருட்டு, எவர் ஆணையால் என்று வினவுதல் நம் உரிமை; கடமையுமாம்.