மண்ணும் மறைமொழியும்: ரூத் பன்ஸல் கண்ட ஜூனி



மரபுக்குள் நிற்கும் கலைஞனுக்குத் தனித்தன்மை உண்டா என்னும் வினா, கவிஞர் கூடும் அவைகளில் ஓயாது எழுவது. அதனை மட்பாண்டம் செய்யும் பெண்களிடம் கொண்டு சென்று விடை தேடியவர், அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பன்ஸல் (1898–1990).

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸின் செயலாளராகப் பணியாற்றியவர் அவர். 1924ஆம் ஆண்டுக் கோடையில், ரூத் பெனடிக்டுடன் நியூ மெக்சிகோவிலுள்ள ஜூனி ஊருக்குச் சென்றார். குறிப்பெடுத்துத் தருவதோடு அமையாது, கலைஞருக்கும் கலைக்கும் உள்ள உறவைத் தாமே ஆராயுமாறு போவாஸ் ஊக்கினார். பன்ஸலோ வினாப்பட்டியலை நீட்டவில்லை. மாணவியாய் அமர்ந்து மண் பிசையக் கற்றார்.

பியூப்ளோப் பெண்கள் சக்கரம் கொண்டு வனைவதில்லை. மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கிப் பாண்டம் எழுப்புவர். அதன்மேல் தீட்டும் கோலம் தம் சிந்தையிலும் கனவிலும் தோன்றியது என்பர். பிறர் கோலத்தைப் பார்த்துத் தீட்டுவதை இழிவாகக் கருதுவர். எனினும் ஒவ்வோர் ஊரின் பாண்டமும் அவ்வூரின் மரபையே காட்டி நின்றது. தனித்தன்மை மரபை உடைப்பதால் மட்டும் பிறப்பதன்று. மரபைத் தன் உள்ளத்தில் புதிதாய்க் காண்பதாலும் பிறக்கும். 1929இல் வெளிவந்த ‘பியூப்ளோக் குயவர்’ என்னும் அவர்தம் நூல் உணர்த்துவது இதுவே.

பின்னர் ஜூனி மொழி கற்ற அவர், அம்மக்களின் சடங்குக் கவிதைகளை மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் 1932இல் வெளியிட்டார். வாழ்வைப் பாதையாகவும் கதிரவனைத் தந்தையாகவும் காணும் வேண்டுதல்கள் அவை. சொல் பிறழாது மனனம் செய்யப்படுவன. அங்கே சொல்லின் ஆற்றல் புதுமையில் இல்லை. உரியவர், உரிய பொழுதில், உரிய முறையில் ஓதுவதில் உள்ளது.

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. உரியவர் வாய்மொழியாகக் காத்த மறைமொழி அச்சேறினால் வாழ்கிறதா, வலுவிழக்கிறதா? ஏடு சொல்லைக் காக்கும். ஓதும் உரிமையை ஏடு காவாது. பன்ஸலின் உழைப்பு பெரிது. அவரை நம்பிச் சொல் ஈந்தோர்க்கு உலகம் பட்ட கடன் அதனினும் பெரிது. 1992இல் ஜூனி மக்கள் தம் ஊரிலேயே தமக்கென அருங்காட்சியகம் நிறுவினர். தம் வரலாற்றைத் தாமே சொல்லும் உரிமையின் அடையாளம் அது.

பிறர் சொல்லைத் தொடும் கை, முதலில் பணிவைக் கற்கவேண்டும். மண் பிசைந்து கற்ற பன்ஸல் கவிஞர்க்கு விட்டுச் சென்ற பாடம் அது.